கிரைண்டருக்கா சார் பெயிண்ட்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிறுவனங்கள் மறுசீரமைப்பு செய்வதும் சில பிரிவுகளை வெளியாட்களிடம் ஒப்படைப்பதும் இப்போது மாதம் தவறாமல் வரும் செய்தியாகிவிட்டது. எத்தனை கோடி மிச்சம், பங்கு விலை எவ்வளவு ஏறியது என்றெல்லாம் விவரமாக எழுதுகிறீர்கள். உள்ளே வேலை செய்கிறவனுக்கு அந்தச் சேதி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அந்தச் சேதியைச் சொல்லும் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான், அதனால் இந்தக் கடிதம்.

500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசர், அதாவது தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அந்த ஆபீசராக இருந்தேன். கேண்டீன், செக்யூரிட்டி, சம்பளப் பிரிவு மூன்றையும் காண்ட்ராக்டில் விடுவது என்று ஜனவரியிலேயே மேலே முடிவாகிவிட்டது. ஏப்ரல் வரை மூச்சு விடக்கூடாது, யார் கேட்டாலும் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு என்று எனக்கு உத்தரவு. சரி என்று தலையாட்டினேன்.

பிப்ரவரியில் ஷூ போட்ட இரண்டு பேர் கேண்டீனுக்கு வந்து கிரைண்டரை அளந்து, அண்டா எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் தலைமைச் சமையல்காரர் என் அறைக்கு வந்தார், 17 வருட சர்வீஸ். "யாரு சார் அவங்க?" என்றார். பெயிண்ட் அடிக்க எஸ்டிமேட் போட வந்தவர்கள் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "கிரைண்டருக்கா சார் பெயிண்ட்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் கேண்டீனில் காபி குடிக்கப் போகவில்லை. கூச்சம்தான்.

ஏப்ரலில் நோட்டீஸ் வந்தது. இரண்டு பக்கம், சுத்தமான ஆங்கிலம், ஆப்டிமைசேஷன், சினெர்ஜி என்று என்னென்னவோ. போர்டில் ஒட்டியதை செல்போனில் படம் பிடித்து, காலேஜில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்பி, அது என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அப்பாவுக்கு வேலை போகிறது என்பதை பிள்ளை படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் கேட்டது மூன்றே கேள்வி. பி.எஃப். என்னாகும், வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸுக்காகத் தரும் கிராஜுவிட்டி என்னாகும், காண்ட்ராக்டரிடம் போனால் என் பழைய சர்வீஸ் சேருமா. இரண்டு பக்கத்தில் ஒரு வரி பதில் கிடையாது. கிராஜுவிட்டிக்குத் தொடர்ந்து ஐந்து வருட சர்வீஸ் வேண்டும், செக்யூரிட்டியில் ஒரு பையனுக்கு நாலு வருடம் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காண்ட்ராக்டர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவன் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் இருந்துதான் ஆரம்பிக்கும். இதை அவனிடம் நேராகச் சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் இருந்தேன், எனக்கு அனுமதி இல்லை.

இன்னொன்றும் நடந்தது, இதை நிர்வாகங்கள் கவனிப்பதே இல்லை. பட்டியலிலேயே இல்லாத மெஷின் ஷாப்பில் இருந்து நல்ல ஃபிட்டர்கள் நாலைந்து பேர் அந்த மூன்று மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்தது நாமதான் என்று டீக்கடையில் பேச்சு. இல்லை என்று நாங்கள் அடித்துச் சொன்னோம், கேண்டீன் விஷயத்திலும் இல்லை என்றுதானே சொன்னீர்கள் என்றார்கள்.

நம் ஊர்தான் இப்படி என்றில்லை. 2022 மார்ச் 17 அன்று பிரிட்டனில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் என்ற கப்பல் கம்பெனி கிட்டத்தட்ட 800 மாலுமிகளை, முன்பே பதிவு செய்து வைத்த வீடியோவைப் போட்டுக்காட்டி ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் இடத்துக்கு ஏஜென்சி ஆட்கள். ஒரு வாரம் கழித்து நாடாளுமன்றக் குழு முன்னால் அதன் தலைமை அதிகாரி, தொழிற்சங்கத்தோடு கலந்து பேச வேண்டும் என்பது சட்டம், தெரிந்தேதான் பேசவில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த நாளே புது ஆட்களோடு இருந்த அவர்கள் கப்பல் ஒன்றை, சிப்பந்திகளுக்குப் போதிய பயிற்சி இல்லை என்று கடல்சார் அதிகாரிகள் வட அயர்லாந்தின் லார்ன் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தார்கள். இத்தனை ரகசியம் காத்து மிச்சம் பிடித்தது என்ன என்று எனக்குப் புரியவில்லை.

ஆட்குறைப்பில் கொண்டுபோய் விடக்கூடிய மாற்றம் என்றால் 21 நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும் என்று 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டமே சொன்னது, 2020இல் வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. வக்கீலைக் கேட்டால் 21 நாள் போதும் என்பார். அவர் சொல்வது கோர்ட்டுக்கு. 17 வருடம் சோறு போட்டவரிடம் 22 நாள் முன்னால் சொன்னால் சட்டம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மூன்று வருடம் கழித்து ஸ்டோர்ஸ் பிரிவையும் காண்ட்ராக்டில் விட்டபோது புதிதாக வந்த பிளான்ட் மேனேஜர் வேறு மாதிரி செய்தார். பேச்சுவார்த்தை ஆரம்பித்த வாரமே ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரை விட்டே, அவருடைய ஆட்களிடம் தமிழில் சொல்ல வைத்தார். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தாள்: சர்வீஸ் இவ்வளவு, கிராஜுவிட்டி இவ்வளவு, இங்கேயே வேறு பிரிவுக்கு மாற இடம் இருக்கிறதா இல்லையா. எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "இன்னும் முடிவாகலை, 15ஆம் தேதி இதே இடத்துல நின்னு சொல்றேன்" என்றார். 15ஆம் தேதி வந்து நின்றார். அன்றும் முடிவாகவில்லை, அதையும் சொன்னார். சத்தம் போட்டார்கள், திட்டினார்கள், ஒருவர் தாளைக் கிழித்துப் போட்டார். ஆனால் அந்தத் தடவை என் அறைக்கு வந்து யாரும் உளவு கேட்கவில்லை, மெஷின் ஷாப்பில் இருந்தும் யாரும் போகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்ஃபேர் ஆபீசர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.