உப்பேறிய கிணறுகள்: டோகாவிலிருந்து அப்பாவுக்கு

டோகா, கத்தார்
மாசி, 2024

அன்புள்ள அப்பா,

நான் நல்ல சுகம். அம்மா மூட்டு வலிக்கான மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா? காலபோக வெட்டு முடிந்துவிட்டதென்று தம்பி சொன்னான். இந்தக் கடிதம் முழுக்கத் தண்ணீரைப் பற்றியதுதான். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

இங்கே கடற்கரையை ஒட்டிய அல் பித்தா பூங்காவில் சர்வதேசத் தோட்டக்கலைக் கண்காட்சி நடக்கிறது. 2023 ஒக்டோபர் 2 இல் தொடங்கியது. மார்ச் 28 வரை இருக்கும். ‘பசுமைப் பாலைவனம், மேலான சூழல்’ என்பது தொனிப்பொருள். கெட்டுப்போன மண்ணை எப்படித் திருத்துவது, பாலைவனம் பரவாமல் எப்படித் தடுப்பது என்று ஒவ்வொரு நாடும் காட்டுகிறது. வெள்ளிக்கிழமை போய் இருட்டும்வரை நின்றேன். சனம் பூக்களைப் பார்த்தது. நான் குழாய்களைப் பார்த்தேன். சித்ரா மரமும் நிற்கிறது. நம்முடைய இலந்தையின் இனம்தான், அம்மாவிடம் சொல்லுங்கள்.

கத்தாரில் ஆறே இல்லை. சராசரி ஆண்டு மழை 100 மில்லிமீற்றரைக்கூட எட்டாது. நம் வன்னிப் பக்கம் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பெய்கிறது. இவர்கள் குடிப்பது பெரும்பாலும் உப்பு நீக்கிய கடல்நீர். பூங்காக்களின் மரங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரை விடுகிறார்கள். அடிமரத்தைச் சுற்றிக் கறுப்புக் குழாய் ஓடும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வேருக்கு மட்டும் தண்ணீர் போகும்.

2017 ஜூனில் அயல்நாடுகள் கத்தாருக்கு எல்லையை மூடியபோது, சவூதி வழியாகத் தரையால் வந்துகொண்டிருந்த பாலும் மரக்கறியும் நின்றுபோயின. விமானத்தில் பசுக்களை ஏற்றிவந்து பண்ணை போட்டார்கள். பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்த அந்த ஆண்டுகளிலும் வன்னியில் நெல் விளைந்தது. குளங்கள் இருந்தபடியால் விளைந்தது. இவர்களிடம் காசு இருக்கிறது, இரணைமடுக் குளம் இல்லை.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது கிணறுகளின் கதை. இங்கும் பண்ணைகள் உண்டு. பெய்கிற சொற்ப மழை நிலத்துக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கும். மழை நிரப்புவதைவிட அதிகமாக மோட்டர்கள் இறைத்தன. கீழிருந்தும் கடற்பக்கமிருந்தும் உப்பு ஏறியது. அந்தத் தண்ணீரையே பாய்ச்ச மண்ணும் கெட்டது. கடைசியில் பல பண்ணைகளைக் கைவிட்டுப் போனார்கள்.

கடலோரப் பூநகரியில் உவர் ஏறிய கிணறுகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். நம் காணி உள்ளே இருப்பதால் கடல் உடனே வரப்போவதில்லை. என்றாலும் தம்பி மிளகாய்க்காகக் கிணற்றை இன்னும் ஆழமாக்கி, பெரிய மோட்டர் பூட்டப்போவதாகச் சொல்கிறான். அப்படிச் செய்தால் முதலில் வற்றுவது பக்கத்துக் காணிக் கிணறு. போர் முடிந்து 2010 இல் மீளக்குடியமர்ந்தபோது நம் கிணற்றுக்குள் கிடந்த இரும்பையும் கல்லையும் நீங்கள் எவ்வளவு பாடுபட்டு வெளியே எடுத்தீர்கள் என்பது அவனுக்கு நினைவிருக்காது, அப்போது சின்னவன்.

மோட்டர் வேண்டாம். மிளகாய்ப் பாத்திக்குச் சொட்டுநீர்க் குழாய் போடட்டும். காணியின் பள்ளப் பக்கத்தில், மாரிக்கு முன்பே ஒரு சின்னக் குளம் வெட்டட்டும். வாய்க்காலோடு ஓடிக் கடலுக்குப் போகிற மழைத்தண்ணீரில் கொஞ்சமாவது நின்று கிணற்றுக்கு ஊறும். வைக்கோலைக் கொளுத்தவே வேண்டாம். உக்கிய தழை இல்லாத மணலில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு விரைவாகக் கீழே போய்விடும் என்பதை இங்கே வந்து பார்த்தால் தெரியும். மாடு தின்றது போக மிஞ்சுவதை மிளகாய்க்கு அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும்.

குழாய்க்கான காசைப் பங்குனிச் சம்பளத்தில் தனியாக அனுப்புகிறேன். சிறுபோகக் கூட்டத்துக்கு முன்னரே அவனோடு கதைத்து ஒரு முடிவு எடுங்கள். நான் சொன்னால், வெளிநாட்டில் இருந்துகொண்டு கட்டளை போடுகிறான் என்பான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்