விழுந்த கதையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவில் கலம் இறக்கப் போட்டிபோடும் தனியார் நிறுவனங்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கூடவே இருந்த அட்டவணை மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2025 மார்ச் 2 அன்று நிமிர்ந்து இறங்கிய புளூ கோஸ்ட் கலத்துக்கு எதிரே 'வெற்றி', மற்றவற்றுக்கு எதிரே 'தோல்வி'. நிலவை எட்டவே முடியாமல் எரிபொருள் கசிந்து திரும்பிய பெரகிரினும், இறங்கிச் சாய்ந்தபடியே தகவல் அனுப்பிய ஒடிசியஸும் ஒன்றா? ஏன் தோற்றன என்று ஒரு வரிகூட இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் கருவியியல் நடத்துகிறவன். எனக்கு அந்த 'ஏன்'தான் முக்கியம்.

ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் இறக்கப் பார்த்த ஹகுட்டோ-ஆர் கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலவிலுள்ள அட்லஸ் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் கீழே தரை திடீரென்று சுமார் 3 கி.மீ. இறங்கிவிட்டது. உயரமானி அதைச் சரியாகத்தான் சொன்னது. மென்பொருளோ, இவ்வளவு பெரிய மாற்றம் இருக்க முடியாது, சென்சார்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அந்த அளவீட்டை ஒதுக்கிவிட்டது. அதன் கணக்கில் கலம் தரைக்கு வந்தாயிற்று. உண்மையிலோ இன்னும் 5 கி.மீ. உயரத்தில், மிக மெதுவாக இறங்கியபடி, இல்லாத தரையைத் தேடிக்கொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்தது. அப்புறம் கல்லாக விழுந்தது.

இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "கெட்ட சென்சாரை நம்பி இறங்கினாலும் மோதத்தானே சார் செய்யும்? ஒதுக்கினது தப்பா?" என்று ஒரு மாணவி விடாமல் கேட்டாள். நல்ல கேள்வி. பதில் அந்த நிறுவனம் அடுத்த மாதமே வெளியிட்ட விளக்கத்தில் இருக்கிறது. கலத்தின் வடிவமைப்பை முடிவுசெய்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். புதிய இடத்துக்குப் போகிற வழியில் உள்ள மேடுபள்ளங்களைக் கணினி ஒத்திகையில் போதுமான அளவு சேர்க்கவில்லை. அதனால்தான் உண்மையான சரிவு மென்பொருளுக்குச் சென்சார் கோளாறாகத் தெரிந்தது. தன் தவறை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அமெரிக்காவின் இன்ட்யூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனம் 2024இல் இறக்கிய ஒடிசியஸின் கதையும் இப்படித்தான். லேசர் உயரமானியின் பாதுகாப்பு சுவிட்சை ஏவுவதற்கு முன்னால் விடுவிக்க மறந்துவிட்டார்கள். கலம் நிலவைச் சுற்றும்போதுதான் அது தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் ஏதீனா பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று உயரமானியின் சிக்னலில் வந்த இரைச்சல். 2025 ஜூனில் ஐஸ்பேஸின் இரண்டாவது கலமான ரெசிலியன்ஸ் மோதியதற்கும் லேசர் உயரமானிக் கோளாறுதான் காரணம். நான்கு கலங்கள். நான்கிலும், தரை இன்னும் எவ்வளவு தூரம் என்ற ஒரே கேள்விதான் தடுமாற வைத்திருக்கிறது. உங்கள் அட்டவணை இதை மறைத்துவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. இன்று வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் நாளை தொழில் ரகசியம் என்று வாயை மூடிக்கொள்ளலாம். பெரகிரின், ஒடிசியஸ், புளூ கோஸ்ட், ஏதீனா நான்கிலும் தன் கருவிகளை அனுப்ப நாசா பணம் கொடுத்திருக்கிறது. அது அமெரிக்க மக்களின் வரிப்பணம். அப்படிப் பணம் வாங்குகிறவர்கள் இறங்கும் நேரத்து அளவீடுகளை முழுமையாக வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை வைக்க வேண்டும். திறந்து வைத்த தகவலால் என்ன பயன் என்று நமக்குத் தெரியாதா? 2019இல் சந்திரயான்-2 இன் விக்ரம் கலத்தின் சிதறலை முதலில் அடையாளம் கண்டது சென்னைப் பொறியாளர் ஒருவர். எல்லோருக்கும் கிடைக்கும்படி நாசா வெளியிட்ட படங்களை வீட்டிலிருந்தே பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார்.

அடுத்த கலம் போகும்போது, விழுந்தாலும் சரி, நின்றாலும் சரி, அது இறங்கிய கடைசிச் சில நிமிடங்களைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள். அந்த மாணவி அட்லஸ் விளிம்பை வரைந்த தாள் எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.