விமானப் படைக்குப் போகிறேன் என்ற மருமகளுக்கு

அன்புக் கண்ணு,

விமானப் படைத் தேர்வு எழுதப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அம்மாப்பேட்டை வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேலே உங்கப்பா சத்தம்தான் கேட்கிறது. போர், குண்டு என்றெல்லாம் அவர் பயப்படவில்லை. "பதினாலு வருஷத்துல அனுப்பிடுவாங்களாம், பென்ஷனும் கிடையாதாம். அப்புறம் என்ன பண்ணுவா?" இதுதான் அவர் கவலை. குறுகிய காலப் பணியில் விமானியாகச் சேர்ந்தால் 14 ஆண்டுதான். மச்சான் கேட்டதில் தப்பில்லை.

நீயோ பதில் சொல்லாமல், மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் மார்ஷல் அர்ஜன் சிங் படத்தைக் காட்டினாயாம். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். மார்ஷல் என்பது விமானப் படையின் மிக உயர்ந்த பதவி; அந்த ஐந்து நட்சத்திரம் அவருக்கு 2002 ஜனவரியில் வந்தது. அப்போது வயது 82. அதை வைத்து அவர் வேலையை எடைபோட முடியாது.

1939 டிசம்பரில் அதிகாரியானார். 1944இல் இம்பாலில் ஜப்பானியரை எதிர்த்து முதலாம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவை நடத்தியபோது வயது 25. மவுண்ட்பேட்டன் நேரில் வந்து பதக்கம் குத்தினார். மறுவருஷமே கேரளத்தில் ஒரு வீட்டுக்கு மேலே ரொம்பத் தாழப் பறந்ததற்காக ராணுவ விசாரணைக்கும் நின்றார். (இதை உங்கம்மாவிடம் சொல்லிவிடாதே.) 1964 ஆகஸ்டில் விமானப் படைத் தளபதி. வயது 45.

அடுத்த வருஷம் செப்டம்பர் 1. காஷ்மீரின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் முன்னேறிக்கொண்டிருந்தன. விமானப் படை எவ்வளவு நேரத்தில் களத்தில் இறங்க முடியும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவான் கேட்டார். "ஒரு மணி நேரத்தில்" என்றார் அர்ஜன் சிங். அதற்குள் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பியும் விட்டன. எல்லோரும் இங்கேயே கதையை முடித்துக் கைதட்டிவிடுகிறார்கள். ஆனால் முதலில் போனது வாம்பயர். விமானி உட்காரும் பகுதியே ஒட்டுப்பலகையால் செய்த பழைய விமானம் அது. பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள் அவற்றில் நான்கைச் சுட்டு வீழ்த்தின, மூன்று விமானிகள் உயிரிழந்தார்கள். வாம்பயர்களைப் போர்முனையிலிருந்து எடுத்துவிட்டு, பதான்கோட்டுக்கு நாட் விமானங்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அன்றைக்கு டாங்கிகளைத் தடுக்க உடனே பறந்தாக வேண்டும், பக்கத்தில் தயாராக நின்றதோ அந்த வாம்பயர்தான். அந்த உத்தரவையும் அதில் போனவர்களையும் அவர்தான் சுமந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அவரைத் தளபதி என்று சொல்ல அந்த ஒரு சாயங்காலம் போதும்.

1969 ஜூலையில் ஓய்வு. வயது 50தான்! நம் ஊரில் அந்த வயதில்தான் பிரமோஷனுக்கு மனு போடுகிறார்கள். அதற்கப்புறம் சுவிட்சர்லாந்துக்குத் தூதர், கென்யாவுக்குத் தூதர், டெல்லிக்குத் துணைநிலை ஆளுநர். 2017இல் 98 வயதில் இறந்தார். தளபதியாக இருந்தவருக்கே சீக்கிரம் முடிகிற உத்தியோகம் இது. அதனால் 14 வருஷம் என்பதைக் கேட்டு நான் மிரளவில்லை. ஆனால் உனக்கு யாரும் தூதர் பதவியை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். அப்புறம் என்ன என்பதற்கு நீதான் கணக்கு வைத்திருக்க வேண்டும். வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் ஏர்லைன்ஸில் ஓட்டுகிறார்கள். நம் சேலம் கமலாபுரம் ஏர்போர்ட்டை நம்பாதே. 1993இல் திறந்தார்கள், பாதிக் காலம் விமானமே வராமல் கிடந்தது.

இன்னொன்று. எழுத்துத் தேர்வில் 100 கேள்வி, 300 மார்க், தப்பானால் ஒரு மார்க் போகும். அதையெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். எனக்குக் கவலை விமானித் தகுதிச் சோதனையைப் பற்றித்தான். அதில் ஒருமுறை தவறினால் ஆயுசுக்கும் மறுவாய்ப்பு இல்லை. அந்த மாதத்தில் தோழிகளோடு ஏற்காடு போகிற திட்டமெல்லாம் வேண்டாம். உயரம், கண் இரண்டையும் முதலில் பார்த்துவிடு. 162.5 சென்டிமீட்டர் வேண்டும். நீ தேறுவாய் என்றுதான் தோன்றுகிறது, வாசற்படியில் தலை இடித்துக்கொள்கிறவள்தானே.

சனிக்கிழமை நாலு ரோட்டுக்கு வந்துவிடு. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, கையில் ரிப்போர்ட்டோடு உங்கப்பாவிடம் போவோம். வெறுங்கையோடு பேசினால் மச்சான் காது கொடுக்க மாட்டார்.

அன்புடன்,
மாமா