அறுபத்து நான்கு எழுத்துகள்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சென்ற வாரம் அனுப்பிய மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். பெங்களூரு நிறுவனத்தில் தரவுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை எழுதத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி அரசுத் தரப்பில் சைபர் வழக்குகளை நடத்த வரலாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"எனக்குக் கணினி நன்றாகத் தெரியும், அதனால் இந்த வேலை வரும்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் அரசு வழக்கறிஞராக இந்தப் பணிக்கு வந்தபோது எங்கள் நீதிமன்றத்தில் தட்டச்சுப் பொறிதான் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதலே நடைமுறையில் இருந்தாலும், அதன் கீழ் ஒருவரைத் தண்டிக்க முடியும் என்பதை எங்களில் பலர் நம்பவில்லை. 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் நம்பினோம். மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசமாக எழுதி, அவருக்கு அந்நியர்களின் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும்படி செய்த ஒருவனுக்கு, புகார் வந்த சில மாதங்களுக்குள்ளாகவே 67-ஆம் பிரிவின் கீழ் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் நிபுணர்களோடு இணைய மைய உரிமையாளர்களும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். கணினிக்குள் நடந்த குற்றத்தை நிரூபிக்கவும், இன்ன நாளில் இன்ன ஆள் இங்கே வந்து உட்கார்ந்தான் என்று சொல்லும் மனிதர் வேண்டியிருந்தது. அந்தப் பாடம் அன்று எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். உண்மையில் பத்தாண்டு கழித்து, ஒரு வழக்கில் தோற்றபோதுதான் புரிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் ஏ.டி.எம். அட்டையைப் போலியாகத் தயாரித்து அவருடைய ஓய்வூதியச் சேமிப்பை எடுத்துவிட்டார்கள். பணம் எடுத்தவனின் முகம் ஏ.டி.எம். கேமராவில் பதிவாகியிருந்தது. வங்கி அந்தப் பதிவைக் குறுந்தகட்டில் கொடுக்க, விசாரணை அதிகாரி அதைப் பழுப்பு உறையில் போட்டு, சிவப்பு அரக்கு வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைத்திருந்தார். 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், அன்வர் எதிர் பஷீர் வழக்கில், சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி, நகல் எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசொல்லும் சான்றிதழ் இல்லாத மின்னணு நகல் சாட்சியமாகாது என்று சொல்லியிருந்தது. எங்கள் விசாரணை நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சான்றிதழ் எங்கே?"

இல்லை. வாய்தா வாங்கி வங்கிக்கு எழுதினோம். பதிவு செய்த கருவியை மாற்றிவிட்டார்கள், பழைய பதிவுகள் அழிந்துவிட்டன, நகல் எடுத்த ஊழியர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார் என்று பதில் வந்தது. அந்த உறையைப் பிரிக்காமலேயே வழக்கு முடிந்தது. தீர்ப்பு நாளன்று ஆசிரியை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படத்துல அவன் முகம் தெரியுதுல்லாம்மா?" என்று கேட்டார். தெரிந்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியவில்லை என்பதை நான் எப்படிச் சொல்வேன்?

விசாரணை அதிகாரி மேல் பழி போட எல்லோரும் தயாராக இருந்தார்கள். ஆனால் குற்றப்பத்திரிகையின் வரைவு நீதிமன்றத்துக்குப் போகும் முன் என் மேசைக்கு வந்துதான் போயிற்று. சாட்சிகளின் பட்டியலைச் சரிபார்த்தேன், பிரிவுகளைச் சரிபார்த்தேன், குறுந்தகட்டை மட்டும் ஒரு பொருள் என்ற அளவிலேயே பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். நம்மவர் கொண்டுவந்தது சரியாகத்தான் இருக்கும் என்ற அலட்சியம் அது. அந்த நாளிலிருந்து கேஸ் கட்டு எது வந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக என்னை நினைத்துக்கொண்டுதான் முதல் முறை படிக்கிறேன். எதிரி சந்தேகப்படும் முன் நம் சாட்சியத்தை நாமே சந்தேகப்பட்டாக வேண்டும். உன்னிடம் சொல்ல வந்ததே இதுதான் அம்மா. கணினி அறிவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சந்தேகம் கூடவே இருக்க வேண்டும்.

2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டமே மாறி, புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் இரண்டு பகுதிகளாகிவிட்டது. ஒன்றில் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். உனக்கு ஹாஷ் தெரியும். எங்கள் நீதிமன்ற எழுத்தருக்கு நான் விளக்கியது இப்படி: ஒரு கோப்பின் கைரேகை அது, உள்ளே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ரேகை முழுவதும் வேறாகிவிடும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் எடுத்தால் அறுபத்து நான்கு எழுத்துகள் வரும். பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரையிலான எண்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் மட்டுமே அதில் இருக்க முடியும்.

ஒரு வழக்கில் கைப்பற்றுதல் மகஜரில் அந்த அறுபத்து நான்கையும் காவலர் ஒருவர் கையால் எழுதியிருந்தார். முப்பத்தோராவது இடத்தில் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்து விழுந்துவிட்டது. ஹாஷ் மதிப்பில் 'ஓ' வரவே முடியாது, ஆகவே இந்த மகஜர் பொய்யாகப் பின்னால் எழுதப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அதில் தவறில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதாடியிருப்பேன். அசல் வன்தட்டு முத்திரையோடு பத்திரமாக இருந்ததால், தடயவியல் நிபுணர் நீதிமன்றத்திலேயே மறுபடியும் மதிப்பை எடுத்துக் காட்ட, வழக்கு பிழைத்தது. இப்போது நான் கையால் எழுத விடுவதில்லை. அச்சிட்டு ஒட்டி, அதன் குறுக்கே சாட்சிகளின் கையெழுத்தை வாங்கச் சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கும்போது நான்கு நான்கு எழுத்துகளாக, பதினாறு கட்டங்களாகப் பிரித்து, அளவுகோலை அடியில் வைத்து நான் வாய்விட்டுப் படிப்பேன், எழுத்தர் சரி பார்ப்பார். இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான். இதில் உனக்குச் சலிப்பு வருமா என்பதை உன்னையே கேட்டுக்கொள்.

சலிப்பு வரும் இடத்தில்தான் ஒரு மனிதரின் வாழ்க்கையும் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். போலிக் கணக்கு தொடங்கி ஒரு மாணவியை மிரட்டியவன் யார் என்று தேடியபோது, வெளிநாட்டு நிறுவனம் ஐ.பி. முகவரியையும் நேரத்தையும் அனுப்பியது. அதைக் கொண்டு நம்மூர் இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்க, தையல் கடை வைத்திருக்கும் ஒருவரின் முகவரி வந்தது. மறுநாள் காலை கைது செய்ய ஆயத்தமாகி, முந்தின மாலை கருத்துக் கேட்டுக் கட்டு என்னிடம் வந்தது. நிறுவனத்தின் பதிலில் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரம், என்று இருந்தது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமலேயே கேட்டிருக்கிறார்கள்! ஒரே ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்ளும் காலத்தில் அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அதையும் கேட்கவில்லை. திருத்தி எழுதிக் கேட்டபோது வேறொரு ஆள் வந்தான். அந்தத் தையற்காரருக்கு இது எதுவும் தெரியாது. இன்றும் அவர் கடை வழியாகத்தான் நீதிமன்றத்துக்குப் போகிறேன்.

நீ இப்போது இருக்கும் ஊரிலேயே 2007-இல் ஒரு மென்பொருள் பொறியாளரை, ஆர்குட் என்ற அக்காலச் சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தினார் என்று புணே காவல் துறை பிடித்துக்கொண்டு போனது. ஐ.பி. முகவரிக்குரிய ஆளைத் தவறாகக் காட்டியதன் விளைவாக அவர் ஐம்பது நாள் சிறையில் இருந்தார். அந்தக் கட்டை யாராவது ஒருவர் இன்னொரு முறை நிதானமாகப் படித்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்னொன்றை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு உயிரோடு இருந்த காலத்தில், உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைப் பற்றி முகநூலில் கடுமையாக எழுதியவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பிரிவு மட்டும் என்றால் அன்றே பிணையில் போயிருப்பார். வேறு பிரிவுகளையும் சேர்த்திருந்தார்கள். அரசுத் தரப்பில் எழுந்து பிணைக்கு ஆட்சேபம் சொன்னவள் நான். அவர் இரண்டு இரவு சிறையில் இருந்தார். எழுதியது என்ன என்று அன்று நான் முழுதாகக்கூடப் படிக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரும், மகாராஷ்டிரத்துப் பால்கரில் முகநூல் பதிவுக்காக இரண்டு இளம்பெண்களும் 2012-இல் கைதானபோதுதான் நாடே விழித்துக்கொண்டது. ஸ்ரேயா சிங்கால் என்ற இருபத்தொரு வயதுப் பெண் உச்ச நீதிமன்றம் போனார், 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவானதால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. அரசு வழக்கறிஞர் என்றால் அரசு சொல்வதை எல்லாம் சொல்பவர் என்று நினைத்துக்கொண்டு நீ வந்துவிடாதே. அப்படி நின்ற அந்த ஒரு நாளை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்போது வரும் வழக்குகளில் பெரும்பாலானவை பண மோசடிதான். டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை என்பது தெரியாமல், காணொளி அழைப்பில் வந்த போலிக் காவலருக்குப் பயந்து ஆயுள் சேமிப்பை அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு உடனே சொன்னவர்களின் பணத்தில் கொஞ்சமாவது முடக்கப்படுகிறது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தவர்களின் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடுகிறது. பிடிபடுவது பெரும்பாலும் அந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்கள். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தன் வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் யாரிடமோ கொடுத்துவிட்ட கல்லூரி மாணவன் ஒருவனை இந்த ஆண்டு கொண்டுவந்தார்கள். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான 66டி பிரிவு மட்டும் என்றால் பிணையில் விடத்தக்கது. ஏமாற்றுக் குற்றத்தையும் சேர்த்திருந்ததால் பிணை மறுக்கக் கேட்கலாம். அவனிடம் விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்தாயிற்று, ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்தாயிற்று என்று கட்டிலேயே இருந்தது. நிபந்தனை விதித்து விடலாம் என்று சொன்னேன். விசாரணை அதிகாரிக்குக் கோபம். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, பணத்தை இழந்த முதியவர் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். அந்த முதியவரிடம் போய் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்கினேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட நாள்கள் இந்த வேலையில் நிறைய உண்டு.

நீதிமன்றம் ஏறாத பணிகளும் அரசில் இருக்கின்றன. 2022 ஏப்ரலில், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தலைகீழாகத் தெரியும். துறைகளுக்கு இதில் அறிவுரை சொல்ல ஆள் வேண்டும். 2019-இல் நம் மாவட்டத்துக் கூடங்குளத்தில் தீம்பொருள் புகுந்த செய்தி வந்தபோது, முதல் நாள் மறுப்பு வந்தது, மறுநாளே அணுமின் கழகம் நிர்வாகப் பிரிவின் கணினி ஒன்று பாதிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டது. எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்று அந்த ஓரிரவில் முடிவெடுக்க உதவுவதும் வழக்கறிஞர் வேலைதான். உன் படிப்புக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் நீ கேட்டது வழக்கு நடத்துவதைப் பற்றி.

அப்படியானால், தேர்வாணையம் நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்ற அனுபவம் கேட்பார்கள். ஒப்பந்தம் எழுதிய மூன்று ஆண்டுகளை அதில் காட்ட முடியாது. நல்ல சீனியர் ஒருவரிடம் சேர்ந்து, அடிதடி வழக்கும் திருட்டு வழக்கும் எடுத்து, குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொள். குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நின்று சில ஆண்டுகள் வாதாடிவிட்டு வந்தால், கட்டில் எங்கே ஓட்டை இருக்கும் என்பதை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியிராது. வருமானம் இப்போது வாங்குவதில் கால் பங்குகூட இருக்காது. அப்பாவும் நானும் இருக்கிறோம், அதைப் பற்றி யோசிக்காதே.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் விடுப்பெடுத்துக்கொண்டு வா. அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை ஒரு தடயவியல் நிபுணரின் குறுக்கு விசாரணை இருக்கிறது. திறந்த நீதிமன்றம்தான், பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர், காலை முழுவதும் நேரக் குறிப்புகளைப் பற்றியே கேட்பார். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவா, நீதிமன்ற அறைக்குள் கைபேசியை எடுக்கக் கூடாது.

அன்புடன்,
அம்மா