நுரை செய்யும் வேலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம்.

நுரையில் ஆராய அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சரி, சொல்கிறேன். அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் ஹில் விமானப்படைத் தளம் இருக்கிறது. உலோகப் பாகங்களின் பிசுக்கைக் கழுவிய டிரைகுளோரோஎத்திலீனை அங்கே முன்பு குழிகளில் கொட்டிவிட்டார்கள். தண்ணீரைவிடக் கனமான திரவம் அது. நிலத்தடி நீருக்குள்ளும் மூழ்கிப்போய், அடியிலுள்ள களிமண் மேல் தேங்கிவிட்டது. சோப்பு போன்ற கரைசலைச் செலுத்திக் கழுவலாம் என்றால், அது பருமணல் வழியாக ஓடிவிடுகிறது. அழுக்கு உட்கார்ந்திருக்கும் பொடிமணல் பக்கம் போவதே இல்லை. 1997-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹிராசாகி குழுவினர் அந்தக் கரைசலோடு இடையிடையே காற்றையும் செலுத்தினார்கள். மண்ணுக்குள்ளேயே நுரை உண்டாகிப் பருமணலை அடைத்தது. பின்னால் வந்த கரைசலுக்குப் பொடிமணலுக்குள் நுழைவதைத் தவிர வேறு வழியில்லை.

நுரை பருமணலை மட்டும் எப்படித் தேடி அடைக்கிறது? பொடிமணலின் சின்னத் துளைகளுக்குத் தண்ணீரை இழுக்கும் வலு அதிகம். குமிழிச் சுவரிலுள்ள ஈரத்தை அவை உறிஞ்சிவிடுவதால் சுவர் மெலிந்து உடைகிறது. பெரிய துளைகளில் அந்த இழுப்பு குறைவு, நுரை நிலைத்து நிற்கும். நாம் அடைக்க நினைக்கும் இடத்தில் அதுவே கெட்டிப்படுகிறது என்பதுதான் என்னை இதில் கட்டிப்போட்ட விஷயம்.

கண்ணாடித் தகட்டில் மணல் துளைகளைப் போல நுண்கால்வாய்கள் செதுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் நீ. குமிழி ஓர் இடுக்கில் நீண்டு நுழையும். மறுபக்கம் அதன் தலை உப்பியதும், கால்வாய்ச் சுவரோரம் ஒட்டியிருந்த தண்ணீர் நாலாபுறமும் சூழ்ந்து கழுத்தை நெரிக்கும். சட்டென்று குமிழி இரண்டாகிவிடும். இப்படிக் குமிழிகளுக்கு நடுவே உண்டாகும் ஒவ்வொரு தண்ணீர்ச் சவ்வும் கால்வாய்ச் சுவரை உரசிக்கொண்டே நகர்வதால் தள்ள அழுத்தம் கூடுதலாகத் தேவை. ஆனால் வேகத்தை 8 மடங்காக்கினால் அழுத்தம் 4 மடங்குதான் கூடும். குறுகிய குழாயில் மெதுவாக நகரும் நீண்ட குமிழிக்கு இதை 1961-லேயே பிரெதர்டன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

அப்புறம், வேதியியல்காரனான உன்னிடம் ஒரு கேள்வி. ஹில்லில் செலுத்திய கரைசலைப் பக்கத்துக் கிணறுகள் வழியாகத் திரும்ப இறைத்தார்கள். அப்படியும் மணலில் ஒட்டிக்கொள்ளும் மிச்சத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்களே சிதைக்க வேண்டுமென்றால், எந்த வகைச் சோப்பு மூலக்கூறைத் தேர்ந்தெடுப்பாய்? விரிவாக எழுது.

அன்புடன்,
ரகு