அண்ணனுக்கு, அப்பா திதி முடிந்த பிறகு

அன்புள்ள அண்ணே,

அப்பா திதி நல்லபடியாக முடிந்தது. போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாய். இங்கே எழுதினால் யாராவது உன் கண்ணில் காட்டுவார்கள் என்று எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் படிப்பார்கள், உன் சினிமா ஸ்டண்ட் யூனியன் ஆட்களும் படிப்பார்கள். அதனால் சில பெயர்களை விட்டுவிடுகிறேன். உனக்குப் புரியும்.

மாமா வழக்கம்போல அதையே ஆரம்பித்தார். மூத்தவன் இருக்கும்போது இளையவன் கொள்ளி வைத்த கதை. அம்மாதான் "அவன் வேலை அப்படி" என்று வாயை அடைத்தாள். நீ அப்பா சாவுக்கு வராததற்கு என்னிடம் ஒரு காரணம் சொன்னாய், அத்தையிடம் வேறொன்று சொன்னாய். எது நிஜம் என்று நான் கேட்கப் போவதில்லை.

திதி முடிந்த ராத்திரி தூக்கம் பிடிக்காமல் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழு தடவை வாங்கிய மிஸ்டர் ஒலிம்பியா ஆணழகன் பட்டம், டெர்மினேட்டர் படம், கவர்னர் பதவி எல்லாம் நீ எனக்குப் பாடமாகச் சொன்னவை. நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 1971-இல் அவருடைய அண்ணன் கார் விபத்தில் செத்துப்போனார். அடுத்த வருஷம் அப்பா. இரண்டு சாவுக்கும் அவர் போகவில்லை. 1977-இல் ஆணழகன் போட்டிகளைப் பற்றி வந்த பம்பிங் அயர்ன் ஆவணப்படத்தில், போட்டி நெருங்கிவிட்டது, அதனால் அப்பா அடக்கத்துக்குப் போகவில்லை என்று முகம் மாறாமல் சொல்கிறார். பிற்பாடு அதையே வேறு மாதிரி சொன்னார். போகவில்லை என்பது மட்டும் மாறவில்லை. அந்தப் படத்தை அத்தனை தடவை பார்த்தவன் நீ. இதைத்தான் அங்கிருந்து எடுத்துக்கொண்டாயா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கொஞ்சம் கீழே போனால், செத்துப்போன அண்ணனின் பையனுக்கு அவர் துணையாக நின்று அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்ட விஷயம் இருந்தது. அத்தான் போன பிறகு அக்கா மகளின் நர்சிங் படிப்புக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியட்டும். அந்தக் காசுக்காக நீ எத்தனை தடவை மாடியிலிருந்து விழுந்தாய் என்று அவள் ஒரு நாள் என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி வருவது உன் விழுதல் இல்லை. 2012-ஆம் வருஷம் திருவாரூர் ஆணழகன் போட்டி.

அந்த வருஷம் ஜூன் 12 வந்தது, போனது. மேட்டூரைத் திறக்கவில்லை. செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போய்விட்டது. ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் போய் நின்றால் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றுமே மணலாகக் கிடந்தன. அப்பா தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்போது நீ மேடையில் தசையின் கட்டிங் தெரிய வேண்டும் என்று, போட்டிக்கு முதல் நாள் காலையிலிருந்து தண்ணீரை நிறுத்தியிருந்தாய். உப்பும் கிடையாது. மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்து உன் முதுகுக்கு நான் டேன், அதுதான் உடம்பைக் கறுப்பாகக் காட்டும் அந்தச் சாயம், தடவிக்கொண்டிருந்தேன். தோள்பட்டைக்குக் கீழே என் கை வைத்த இடமெல்லாம் தோல் காகிதம் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அப்பா வந்தார். நாம் கூப்பிடவில்லை. பஸ் பிடித்து வந்திருக்கிறார். துணிப்பையில் இரண்டு இளநீர். தலையை வீட்டிலேயே சீவி, விரலால் குத்தினால் திறக்கிற மாதிரி மெல்லிசாக விட்டிருந்தார். உன்னைப் பார்த்ததும், "ஒதடு வெடிச்சிருக்கேடா, இந்தா குடி" என்றார். நீ "வேணாம்ப்பா, மேடை முடியட்டும்" என்றாய். அவருக்கு விளங்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். தண்ணி குறைந்தால் தோல் ஒட்டும், நரம்பு தெரியும், மார்க் போடுவார்கள். கொஞ்ச நேரம் உன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயல்தான் தண்ணியில்லாம வெடிச்சுக் கெடக்கு, நீயுமாடா?" என்றார்.

அதற்கு மேல் பேசவில்லை. கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உனக்கு இரண்டாம் இடம். நீ கையைத் தூக்கி முதுகை விரித்தபோது மண்டபமே கத்தியது. அவரும் எழுந்து நின்றார். நான் பார்த்தேன். மேடையிலிருந்து இறங்கியதும் ஜிம் நண்பர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று காத்திருந்தோம். அப்புறம் அந்த இளநீரை நானும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டில் குடித்தோம். "நல்லாத்தான் நின்னான்" என்றார். அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

அந்த வருஷம் உனக்காக மூணு மா நிலம் ஒத்திக்குப் போனதும் அவருடைய முடிவுதான். உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. நீயே பிற்பாடு மீட்டும் கொடுத்துவிட்டாய். ஆனாலும் ஒத்தியில் இருந்த காலத்தில் அந்த வரப்பில் இன்னொருத்தர் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இங்கே இருந்தவன் நான்தான்.

2014 செப்டம்பரில் ஐ பட விழாவுக்கு அர்னால்டு சென்னை வந்தபோது ஸ்டேடியத்துக்கு வெளியே நின்றுகொண்டு போன் பண்ணினாயே, அன்றைக்கு உன் குரலில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. உடம்பு இருந்தால் போதும், ஒரு நாள் வாய்ப்பு வரும் என்றாய். அவர் கதை அப்படி நடக்கவில்லை அண்ணே. 1970-இல் முதல் படத்தில் பெயரை மாற்றினார்கள், குரலையும் வேறு ஆளை வைத்துப் போட்டார்கள். உடம்பு பெரிசு, பேச்சு சரியில்லை, பெயர் வாயில் நுழையவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1984-இல் டெர்மினேட்டர் வருகிற வரைக்கும், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கோனன் வருகிற வரைக்கும், அவர் வாய்ப்பை மட்டும் நம்பிச் சாப்பிடவில்லை. கூட்டாளி ஆணழகன் பிராங்கோ கொலம்புவோடு சேர்ந்து கொத்தனார் வேலை எடுத்துச் செய்தார். 1971-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பூகம்பம் வந்து சுவரும் புகைபோக்கியும் இடிந்தபோது வேலை குவிந்தது. சம்பாதித்ததைக் கட்டிடத்தில் போட்டு வாடகைக்கு விட்டார். வாடகை வந்ததால் பிடிக்காத வேஷத்தை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. 1988-இல் ட்வின்ஸ் படத்துக்குச் சம்பளம் வாங்காமல் லாபத்தில் பங்கு கேட்டாரே, கையில் காசு இருந்த தைரியம்தான் அது என்று எனக்குப் படுகிறது. நீ வெயிட் தூக்கிய நம் கொட்டகையில் ஒட்டிய அர்னால்டு படத்தில் கொத்தனார் கரண்டி இல்லை.

உனக்கு ஒரே ஒரு வசனம் கிடைத்து, அதையும் டப்பிங்கில் வேறு ஆள் பேசியபோது நீ உடைந்துபோனாய். உன் ஊர்ப் பேச்சு சரிவராது என்றார்களாம். அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. எந்தப் படம் என்று எழுத மாட்டேன், உன் பிழைப்பு கெடக் கூடாது. அந்தப் படம் டிவியில் ஓடியபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது நம்ம பிள்ள முதுகுல்ல" என்றாள். திரையில் அந்த முதுகுக்கு மேலே வேறொருத்தர் முகம். அம்மா சொன்னது சரிதான்.

ஸ்டீராய்டு ஊசி விஷயத்தையும் இங்கே விரிவாகப் பேசப் போவதில்லை. தான் போட்டுக்கொண்டதை அர்னால்டே வெளிப்படையாக ஒத்துக்கொண்டார், இப்போது இளைஞர்களிடம் வேண்டாம் என்கிறார் என்பதை மட்டும் எழுதுகிறேன். நீ ஒரு தடவை செக்கப் போய் வா. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகையைத் திறந்துவிட்டேன். நம் தெருப் பையன்கள் போலீஸ் தேர்வுக்காக வெண்ணாற்றங்கரையில் ஓடுகிறார்கள். பாரும் பிளேட்டும் கேட்டார்கள், கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் எத்தனை தடவை கேட்பது? நீ வருவாய் என்று எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த இரும்பு அது. கஜா புயலில் கூரை பறந்தபோது தார்ப்பாய் கட்டிக் காப்பாற்றியதும் நான்தான். பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நீ முதலில் செய்த வெயிட்டை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை, வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

பையன்களுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் யாரும் வெயிட் தூக்கக் கூடாது. வாசலில் பானை வைத்திருக்கிறேன்.

ஸ்குவாட் மட்டும் அவர்களுக்குச் சரியாக வரவில்லை. இறங்கும்போது முட்டி உள்ளே மடங்குகிறது. எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை. நாளைக் காலையில் வீடியோ எடுத்து அனுப்புகிறேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, எது தப்பு என்று அவர்களுக்குச் சொல்.

உன் தம்பி