அக்காவுக்கு, அந்தக் காலிறுதியைப் பற்றி

அன்புள்ள அக்கா,

போன வாரம் கூடைப்பந்து ஆடுவதை நிறுத்திவிட்டேன். ஆபீஸ் அணியில் இனி என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. பழைய நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நம் செட் பெண்கள் படிப்பார்கள், சார் கண்ணிலும் படலாம். அதனால் கல்லூரிப் பெயர், ஆள் பெயர் எதுவும் இதில் இருக்காது.

இந்த டிசம்பரோடு பத்து வருடம்.

ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, நமக்கு ஒதுக்கிய வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு எல்லாரும் படுத்திருந்தோம். இரண்டு மணி இருக்கும். குழாய் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. எழுந்து வந்து பார்த்தேன். குளியலறைப் படியில் உட்கார்ந்து வலது முட்டியைத் தண்ணீருக்கு நேராக நீட்டியிருந்தீர்கள். முட்டிச்சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் "சார்கிட்ட சொல்லாத" என்றீர்கள்.

காலையில் கிரேப் பேண்டேஜைச் சுற்றிவிட்டது நான். அதன் கிளிப் எங்கோ தொலைந்திருந்தது. என் துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். "இன்னும் இறுக்கு" என்றீர்கள். இறுக்கினேன்.

நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் யாராக நின்று சொல்வது, அக்கா? பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு நீங்கள். மூன்று வருடம் உங்களுக்கு அடுத்த பாயின்ட் கார்டு நான்தான். நாம் 30 பாயின்ட் முன்னால் இருந்தால் எனக்கு நான்கு நிமிடம் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் பெஞ்ச். "அக்காவுக்கு முட்டி சரியில்லை சார்" என்று நான் போய் நின்றிருந்தால், அந்த இடத்தில் இறங்கப் போவது யார் என்று அணியில் எல்லாருக்கும் தெரியும். இடத்துக்காகப் போட்டுக்கொடுத்தாள் என்ற பேச்சு ஆயுசுக்கும் நின்றிருக்கும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன்.

இதைத்தான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. காலிறுதியை ஜெயித்தால் தென்மண்டலத்தில் முதல் நான்கு அணிகளில் ஒன்று. அந்த நான்குக்கும் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போக இடம் உண்டு. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வழி உண்டு. நீங்கள் ஆடினால் ஜெயிப்போம், ஜெயித்தால் எனக்கும் அந்தத் தாள் கிடைக்கும் என்று ஊக்கைக் குத்தும்போதே கணக்குப் போட்டேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. முதல் வருடம் நான் பந்தைப் பார்த்துக்கொண்டேதான் தட்டுவேன். என் தாடைக்குக் கீழே உங்கள் கையை வைத்துத் தலையை நிமிர்த்திப் பிடித்தபடி, சிமென்ட் கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூடவே நடந்து வருவீர்கள். "பந்து எங்கயும் போகாது. ஆளுங்கதான் போவாங்க, அவங்களப் பாரு." கூடையில் எறிய 24 நொடி, எட்டு நொடிக்குள் பாதிக் கோர்ட்டைத் தாண்டிவிடு, மீதிப் பதினாறு நொடி உன்னுடையது என்பீர்கள். இன்றைக்கும் நான் அந்தப் பதினாறையே எண்ணுகிறேன்.

உயரம் போதாது என்று எத்தனை பேர் உங்களைத் தட்டிக்கழித்தார்கள்! ஹாஸ்டல் அலமாரிக் கதவில் அமெரிக்க ஆட்டக்காரர் மக்ஸி போக்ஸ் படம் ஒட்டியிருக்கும். 5 அடி 3 அங்குலம், வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் பாயின்ட் கார்டு, அப்புறம் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் 14 சீசன். "என்னைவிட ஒரே ஒரு அங்குலம்தான் அதிகம்" என்பீர்கள். நாங்கள் எல்லாரும் ரயில்வே அணியில் ஆடிய கீது அன்னா ஜோஸைப் பார்த்து ரயில்வே என்று கனவு கண்டபோது, நீங்கள் பெரியகுளத்தில் மே மாத அகில இந்தியப் போட்டியை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போன உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசுவீர்கள். கேலரியில் தூங்கிவிடாமல் கடைசி ஆட்டம்வரை பார்த்தால்தான் சுண்டல்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். "அவளுக்குத் தெரியும், தெரிஞ்சும் சும்மா இருந்தா" என்று மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். என் காதுக்கு வந்தது. சொல்லாதே என்று யார் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொன்னீர்களா? கல்யாணத்துக்கு அணி மொத்தமும் வந்தது. அழைப்பிதழ் எனக்கு மட்டும் வரவில்லை. எனக்கு அப்போது 19 வயது. நீங்கள் கேப்டன். கேப்டன் சொன்னதைக் கேட்டேன்.

சரி. இதை அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

காயத்துக்கு அப்புறம் வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். புகுந்த வீட்டிலும் யாராவது இதைப் படிக்கலாம். ஆபரேஷன் எதனால் தள்ளிப்போனது என்று எனக்குத் தெரியும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

பின்னால் ஒரு கோச்சிங் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாம். பெரும்பாலும் யாரும் வந்து இடிப்பதே இல்லை. குதித்து இறங்கும்போதோ, ஓடுகிற வேகத்தில் சட்டென்று நின்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கம் மடிந்தால் போதும். அதைக் குறைக்க இருபது நிமிட வார்ம்-அப் இருக்கிறது. எப்படி இறங்குவது என்பதையே தனியாகப் பழக்குகிறார்கள். நமக்கு யாரும் அதைக் காட்டவில்லை. நாம் கோர்ட்டைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடினோம். அந்த வகுப்பில் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது குவார்ட்டரில் உங்களையும் யாரும் இடிக்கவில்லை. எதிரணி திரும்பி வருவதற்குள் ஓடும் ஃபாஸ்ட் பிரேக்கில் தனியாகப் போய் இரண்டு காலில் நின்றீர்கள். முட்டி மட்டும் நிற்கவில்லை. பெஞ்சில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. தூக்கிக்கொண்டு போகும்போது என் ஜெர்சியைப் பிடித்து இழுத்தீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "11-ஆம் நம்பர் ரைட்லதான் வருவா. ரைட்ட அடைச்சு லெஃப்ட்டுக்குத் தள்ளு" என்றீர்கள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரல் நடுங்கவில்லை.

தள்ளினேன். அவளுக்கு இடது கையே வரவில்லை. நான்கு பாயின்ட்டில் ஜெயித்தோம். அந்தத் தாள் எனக்குக் கிடைத்தது, அதை வைத்து வேலையும் கிடைத்தது. டிரையலில் உங்களை நிறுத்தி என்னைப் பக்கத்தில் விட்டிருந்தால் யாரை எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஸ்கோரை நீங்கள் கேட்கவில்லை. ஒரு கார்டு எத்தனை பாஸ் கொடுத்தாள் என்பதைவிட எத்தனை பந்தைத் தொலைத்தாள் என்று பார்க்கிறவர் நீங்கள். கால் கட்டோடு படுத்துக்கொண்டு, "எத்தனை டர்ன்ஓவர்?" என்று மட்டும் கேட்டீர்கள். இரண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

ஐந்து, அக்கா.